சால்ஸ்பர்க் கோட்டைக்குள் ஒரு பொம்மலாட்ட அருங்காட்சியகம்: போகலாமா, எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: “ஜூன் மாதம் மியூனிக்கிலிருந்து சால்ஸ்பர்க் போகிறோம். இரண்டு இரவு தங்குவோம். நான், கணவர், 7 வயது மகள், முழங்கால் வலியுள்ள அம்மா. அங்கே மலைக்கோட்டைக்குள் பொம்மலாட்ட அருங்காட்சியகம் இருப்பதாகப் படித்தேன். சிலர் ‘பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஒன்றுமில்லை’ என்கிறார்கள். அதற்காக மலையேறலாமா? குழந்தைக்குப் பிடிக்குமா?”

போங்கள். ஆனால் ஒன்று செய்யுங்கள்: கோட்டைக்குப் போவதற்கு முதல் நாளே, கீழே ஊருக்குள் இருக்கும் சால்ஸ்பர்க் பொம்மலாட்ட அரங்கில் ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிடுங்கள். இந்த வரிசை மாறினால் உங்களுக்கும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் தோன்றும். அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் மரப்பாவைகளை மட்டும்.

எனக்கே அது நடந்தது. பல ஆண்டுகளாக மியூனிக்கில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் ரயிலில் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால் சால்ஸ்பர்க் கூட்டிப்போவது வழக்கம். முதல் தடவை கோட்டையைச் சுற்றிவிட்டு, கால் ஓய்ந்த நேரத்தில் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். அழகான உடை, அழகான முகம், அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். அன்று மாலை மழை பிடித்துக்கொண்டது. வேறு போக்கிடம் இல்லாமல் பொம்மலாட்ட அரங்கில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தேன். இசைமேதை மொசார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ என்ற ஓபரா, அதாவது இசைநாடகம். திரை விலகிய ஐந்தாவது நிமிடத்தில், மேடையில் நடப்பவை மரம் என்பதே மறந்துபோனது. மறுநாள் காலை ஊர் திரும்பும் ரயிலை விட்டுவிட்டு மறுபடியும் மலையேறினேன். முதல் நாள் கடந்துபோன அதே கண்ணாடிப் பெட்டிகளின் முன்னால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன்.

அந்த அரங்கின் கதை தெரிந்தால் அருங்காட்சியகம் வேறு மாதிரித் தெரியும். அன்டோன் ஐஹர் என்ற சிற்பி 1913-இல் தொடங்கியது அது. அவர் சால்ஸ்பர்க் தொழிற்பள்ளி ஒன்றில் ஆசிரியர். மரத்தில் உருவம் செதுக்குவது தொழில். அந்த உருவத்தை நடக்கவைத்துப் பார்க்கவேண்டும் என்பது ஆசை. அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று முதல் நிகழ்ச்சியாக அவர் எடுத்துக்கொண்டது ‘பாஸ்டியனும் பாஸ்டியனாவும்’. மொசார்ட் தன் 12-ஆவது வயதில் எழுதிய குட்டி இசைநாடகம். மூன்றே பாத்திரங்கள், ஒரே அங்கம். புதிதாகப் பொம்மை ஆட்டத் தொடங்கும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான தேர்வு இருக்க முடியாது. மொசார்ட் பிறந்த ஊரில், மொசார்ட் சிறுவனாக எழுதியதை, மரப்பாவைகள் நடித்தன. அன்றிலிருந்து இன்றுவரை அந்த அரங்கின் முதுகெலும்பு மொசார்ட்தான்.

1926-இல் மகன் ஹெர்மன் ஐஹர் பொறுப்பேற்றார். அப்பா சிற்பி என்றால் மகன் பொறியியல் மூளைக்காரர். மேடையின் அளவு, ஒளி, பொம்மையின் மூட்டுகள் என ஒவ்வொன்றையும் பெரிய ஓபராக்களைத் தாங்கும்படி மாற்றியவர் அவர். நாடு நாடாகப் பயணம் போனார்கள். 1971-இல் இப்போதைய இடத்துக்கு, ஆற்றுக்கு வலக்கரையில் ஷ்வார்ட்ஸ் தெருவில் இருந்த பழைய ஹோட்டல் ஒன்றின் கூடத்துக்கு, அரங்கம் வந்தது. ஏறக்குறைய 350 இருக்கைகள். ஹெர்மன் 1977-இல் மறைந்ததும் மகள் கிரேட்டல் ஐஹர் ஏற்று, 2012-இல் தான் இறக்கும்வரை நடத்தினார். மூன்று தலைமுறை, ஏறத்தாழ நூறு வருடம், ஒரே குடும்பம். 2016-இல் இந்தக் குழுவின் ஆட்ட முறையை யுனெஸ்கோ ஏற்பாட்டின் கீழ் உள்ள ஆஸ்திரிய மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். கவனியுங்கள், பட்டியலில் ஏறியது கட்டடம் இல்லை, பொம்மைகளும் இல்லை, ஆட்டும் முறை. அதனால்தான் நிகழ்ச்சியை முதலில் பாருங்கள் என்கிறேன்.

நிகழ்ச்சிக்கு உட்காரும்போது இசை பதிவிலிருந்து ஒலிக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இல்லை. பாடுபவரின் உடல் மேடையில் இல்லாததால் குரல் முழுவதும் பொம்மைக்கே போய்ச் சேருகிறது. அத்துடன், ‘மாயப் புல்லாங்குழ’லைப் போன்ற கதை பொம்மைக்கென்றே எழுதியதுபோல இருக்கும். இளவரசனைத் துரத்தும் பாம்பு, வானத்திலிருந்து இறங்கும் மூன்று சிறுவர்கள், மணியோசை கேட்டதும் அடிக்கவந்தவர்கள் ஆடத் தொடங்குவது. மனிதர்கள் நடிக்கும் ஓபராவில் பறக்கும் காட்சி வந்தால் கயிறும் இயந்திரமும் எங்கே என்று கண் தேடும். இங்கே எல்லோருமே நூலில் தொங்குகிறவர்கள். நடப்பதும் பறப்பதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் கண்ணின் அளவுகோலே மாறிவிடும். இரண்டு மூன்று அடி உயரப் பாவைகள் முழு மனிதர்களாகத் தெரியத் தொடங்கும். ஆட்டம் முடிந்து ஆட்டியவர்கள் தலைவணங்க வந்தபோது ராட்சதர்கள் வந்து நிற்பதுபோல் இருந்தது எனக்கு. பக்கத்தில் இருந்த குழந்தை ஒன்று நிஜமாகவே அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டது. உங்கள் மகளிடம் இதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். கதையை மட்டும் முந்தின இரவு சொல்லிவையுங்கள். பாட்டு ஜெர்மன் மொழியில் இருக்கும். கதை தெரிந்துவிட்டால் மொழி ஒரு தடையே இல்லை. முழு ஓபராவாக வரும் நாளும் உண்டு, சுருக்கி ஆடும் நாளும் உண்டு. 7 வயதுக்குச் சுருக்கமானதே போதும். எல்லா நாளும் ஆட்டம் இருக்காது, ஆகவே தங்கும் தேதியை முடிவு செய்வதற்கு முன்பே நிகழ்ச்சி அட்டவணையைப் பாருங்கள்.

இனி மறுநாள் காலை, கோட்டை.

ஹோஹென்சால்ஸ்பர்க் என்று பெயர். ஊரில் எங்கே நின்று தலை நிமிர்ந்தாலும் அது தெரியும். 1077-இல் கெப்ஹார்ட் என்ற பேராயர் கட்டத் தொடங்கினார். போப்பாண்டவருக்கும் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றிக்கும் ஆயர்களை நியமிக்கும் உரிமை யாருக்கு என்று சண்டை நடந்த காலம் அது. கெப்ஹார்ட் போப்பின் பக்கம். மன்னர் படையெடுத்தால் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று கட்டியது, பிறகு நானூறு ஆண்டுகள் வளர்ந்துகொண்டே போனது. இன்று 250 மீட்டர் நீளம், 150 மீட்டர் அகலம். இப்போது நாம் பார்க்கும் தோற்றம் பெரும்பாலும் 1495 முதல் 1519 வரை ஆண்ட பேராயர் லியோன்ஹார்ட் தந்தது. அவருடைய குலச்சின்னம் ஒரு டர்னிப் கிழங்கு! ஊதாரியாகத் திரிந்த இளம் லியோன்ஹார்டின் மேல் மாமா கோபத்தில் ஒரு கிழங்கை வீசியதாகவும், அதிலிருந்து அவர் திருந்தியதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கோட்டைக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அந்தச் சின்னம் இருக்கிறது. மகளிடம் இதைச் சொல்லிவிடுங்கள், கிழங்கு தேடும் வேலையிலேயே படிகளை அலுக்காமல் ஏறிவிடுவாள்.

அம்மாவின் முழங்காலுக்கு: நடந்து ஏறவேண்டாம். பாதை சின்னதுதான், இருபது நிமிடம் இருக்கும், ஆனால் செங்குத்து. பேராலயத்துக்குப் பின்புறம் உள்ள சந்திலிருந்து கம்பிவடத்தில் இழுக்கும் ரயில் மேலே போகிறது. பழனி விஞ்ச் ஏறியிருப்பார் என்றால் பயமே இருக்காது, அதே ஏற்பாடுதான். 1892-இல் இருந்து ஓடுகிறது, ஒரு நிமிடப் பயணம். மேலே இறங்கிய பிறகும் கற்கள் பாவிய சரிவுகளும் படிகளும் உண்டு. ரப்பர் அடி உள்ள செருப்பு அல்லது ஷூ கட்டாயம். காவல் கோபுரத்தின் உச்சிவரை அம்மா வரவேண்டாம். அதற்கு ஈடான காட்சி கீழ்த்தளத்து மதில் ஓரத்திலேயே கிடைக்கும்: ஒரு பக்கம் ஊரும் ஆறும், மறுபக்கம் பச்சை வயல்களைத் தாண்டி உன்டர்ஸ்பெர்க் மலை.

அருங்காட்சியகத்துக்குத் தனி டிக்கெட் இல்லை. கோட்டை நுழைவுச்சீட்டிலேயே அடங்கும். சுற்றுலாப் பயணிகளுக்கான சால்ஸ்பர்க் கார்டு எடுத்திருந்தால் ரயிலும் கோட்டையும் அதிலேயே முடிந்துவிடும். இரண்டு இரவு தங்குகிறீர்கள் என்பதால் அந்த அட்டை உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்றே நினைக்கிறேன். ஜூனில் முற்பகலிலேயே கூட்டம் குவிந்துவிடும். திறந்த உடனே போனால் பொம்மைகளின் முன்னால் நீங்கள் மட்டும் நிற்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம். உள்ளே போனதும் எல்லோரும் செய்வது முகத்தைப் பார்ப்பது. நீங்கள் முகத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் நூலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே ஏற்றுங்கள். எல்லா நூலும் போய்ச் சேரும் மரக்கட்டை, குறுக்குச் சட்டம் வைத்துச் சிலுவை போல இருக்கும். பொம்மைக்காரரின் உண்மையான வாத்தியம் அதுதான். மனித உருவப் பாவைக்கு வழக்கமாக ஒன்பது நூல். காதுக்கு மேலே இரண்டு, தோளில் இரண்டு, கைகளில் இரண்டு, முழங்காலில் இரண்டு, இடுப்புக்குப் பின்னால் ஒன்று. பாரம் முழுவதும் தோள் நூலில். தலை நூல் ஒரு மயிரிழை தளர்ந்தால் பாவை யோசிக்கிறது; இன்னும் கொஞ்சம் தளர்ந்தால் அழுகிறது.

வணங்குவது எப்படி என்று மகளைக் கேளுங்கள். ‘முதுகு நூலை இழுப்பார்கள்’ என்பாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். முதுகு நூலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் தாழ்த்துகிறார்கள். இடுப்பு நின்ற இடத்திலேயே நிற்க, தலையும் தோளும் தம் எடையாலேயே கீழே சாய்கின்றன. வீட்டில் ஒரு துணிப் பொம்மையையும் தையல் நூலையும் வைத்து ஐந்து நிமிடத்தில் செய்துபார்க்கலாம். அவசியம் செய்து பாருங்கள். பாவையை ஆட்டுவது என்றால் இழுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எப்போது விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது. மிச்சத்தை எடை பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது பாதங்கள். நல்ல ஆட்டுபவரைக் காலை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள். ஆட்டுபவர் மேடைக்கு மேலே ஒரு பாலத்தில் குனிந்து நிற்கிறார். தரை அவருக்கு வெகு கீழே. ஒரு விரற்கடை தூக்கினால் பாவை மிதக்கும். ஒரு விரற்கடை இறக்கினால் முழங்கால் மடங்கித் தொய்யும். தரையைத் தொட்டும் தொடாமலும் உள்ள அந்த ஒரே உயரத்தைத் தோள் வலிக்க வலிக்கக் காப்பாற்ற வேண்டும். முந்தின மாலை அவர்கள் நடந்த நடையை நினைத்துக்கொண்டு கண்ணாடிக்குள் சும்மா தொங்கும் அந்த மரப் பாதங்களைப் பாருங்கள்.

பிறகு முகம். நான் இரண்டாம் நாள் வெகுநேரம் நின்றது ஒரு வயோதிகப் பாவையின் முன்னால். எந்த நாடகத்தின் எந்தப் பாத்திரம் என்று பெயர்ப்பலகையைப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. நேரே பார்த்தால் அதன் முகத்தில் சிரிப்பும் இல்லை, சோகமும் இல்லை. முழங்கால் போட்டுக் கீழிருந்து பார்த்தேன். இமைக்குழி ஆழமாகி, கர்வம் பிடித்த மனிதராகத் தெரிந்தார். எழுந்து, கால்விரல் நுனியில் நின்று மேலிருந்து பார்த்தேன். புருவத்து நிழல் கண்ணில் விழுந்து, எதையோ பறிகொடுத்தவர்போல ஆகிவிட்டார். செதுக்கியவர் ஒரே உணர்ச்சியை அதில் நிறுத்திவைக்கவில்லை. இரண்டு மூன்று உணர்ச்சிகளுக்கு நடுவில் உளியை நிறுத்தியிருக்கிறார். மிச்சத்தை மேடை விளக்கொளியும் தலையின் சாய்வும் செய்துகொள்ளும். உங்கள் மகள் உயரத்துக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அவளைக் குந்தவைத்துக் கேளுங்கள், பிறகு தூக்கிவைத்துக் கேளுங்கள்: தாத்தா இப்போது எப்படி இருக்கிறார் என்று.

உடைகளையும் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். துணி மெல்லியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கை மடங்காது. ஆனால் பட்டாகவும் கம்பளியாகவும் மேடையில் தெரிய வேண்டும். இந்தக் குழுவில் ஆட்டுபவர்களே பட்டறையிலும் வேலை செய்கிறார்கள். தையல், தச்சு என்று ஆளுக்கொரு கைத்தொழில். நேற்று ஒரு ராணியை நடக்கவைத்தவர் இன்று காலை அவளுடைய கிழிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருக்கலாம்.

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பற்றி ஒரு திருத்தம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். 1965-இல் வந்த அந்தப் படத்தில் ஆட்டிடையன் பாட்டுக்குக் குழந்தைகள் பொம்மலாட்டம் நடத்துவார்களே, அந்தப் பொம்மைகள் சால்ஸ்பர்க் அரங்கத்துடையவை அல்ல. பில் பேர்ட் என்ற அமெரிக்கப் பொம்மலாட்டக் கலைஞரின் குழு செய்தவை. சால்ஸ்பர்க் குழு அந்த இசைநாடகத்தை மேடைக்குக் கொண்டுவந்தது 2007-இல்தான். அதன் பாத்திரங்கள் அருங்காட்சியகத்தில் இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். படத்தின் மேல் பிரியம் இருந்தால், இறங்கும்போது அம்மாவையும் மகளையும் ரயிலில் அனுப்பிவிட்டு நீங்களும் கணவரும் கிழக்குப் பக்கமாக நடந்து இறங்குங்கள். வழியில் நோன்பெர்க் கன்னியர் மடம் வரும். படத்தின் கதாநாயகிக்கு மூலமான நிஜ மரியா துறவுப் பயிற்சியில் இருந்ததும், 1927-இல் மணந்ததும் அங்கேதான்.

கோட்டையில் மற்றபடி என்ன பார்ப்பது என்றால், நேரத்தை எல்லாவற்றுக்கும் பங்குபோடாதீர்கள். பொன் வேய்ந்த அறையும் அதில் உள்ள 1501-ஆம் ஆண்டு மண் ஓட்டு அடுப்பும் போதும். ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: ‘சால்ஸ்பர்க் காளை’. 1502-இல் செய்த இயந்திர ஆர்கன் அது. முள் பதித்த உருளை சுழலச் சுழலக் குழல்கள் தாமே ஒலிக்கும். பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு பெரிய முழக்கம் எழுப்பும், காளை கத்துவதுபோல இருப்பதால் அந்தப் பெயர். மொசார்ட்டின் அப்பா லியோபோல்ட் இதற்காகவே சில மெட்டுகள் எழுதியிருக்கிறார். கோடையில் காலை 11 மணிக்கு, கீழே ஊர் மணிக்கூண்டின் இசை முடிந்ததும் இது பதில் சொல்லும். 9:30 மணிக்கே கோட்டைக்கு ஏறிவிட்டால் பொம்மைகளைப் பார்த்துவிட்டு இதற்குச் சரியாக வெளியே வந்துவிடலாம்.

அதே கோட்டையில்தான் வுல்ஃப் டீட்ரிஹ் என்ற பேராயரைச் சிறைவைத்தார்கள். இன்றைய சால்ஸ்பர்க்கின் அழகான சதுக்கங்களுக்கு வழிவகுத்தவர் அவர். 1617-இல் இங்கேயே கைதியாக இறந்தார். அவருக்குப் பின் பதவிக்கு வந்து அவரைப் பூட்டியே வைத்திருந்த உறவினர் மார்க்குஸ் சிட்டிகுஸ், அதே ஆண்டுகளில் ஊருக்குத் தெற்கே ஹெல்ப்ரூன் என்ற உல்லாச மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்தார். மேலே கோட்டையில் ஒருவர் கைதி, கீழே மாளிகையில் மற்றவருக்குக் கேளிக்கை. இந்த இரண்டு இடங்களையும் ஒரே பயணத்தில் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் கனத்துவிடும்.

ஆனாலும் ஹெல்ப்ரூனை நான் சொல்லக் காரணம் உண்டு. பொம்மை பிடித்துப்போன குழந்தைக்கு மூன்றாம் நாளில் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை. தோட்டத்தில் தண்ணீரால் இயங்கும் ஒரு பொம்மை நாடகம் இருக்கிறது, 1748-க்கும் 1752-க்கும் இடையில் செய்தது. ஒரு நகரமே அதில் உண்டு. ஏறக்குறைய 200 உருவங்கள்: கசாப்புக்காரர், நாவிதர், கட்டட வேலை செய்பவர்கள், காவலர்கள். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருப்பார்கள். செய்தவர் லோரென்ஸ் ரோஸனெக்கர் என்ற உப்புச் சுரங்கத் தொழிலாளி. பற்சக்கரங்களின் இரைச்சலை மறைக்கத் தண்ணீராலேயே ஒலிக்கும் ஆர்கனும் வைத்திருக்கிறார்கள். நூலில் ஆடும் பாவையையும் சக்கரத்தில் ஆடும் பாவையையும் அடுத்தடுத்த நாளில் பார்த்துவிட்டால், மகளே உங்களுக்கு வித்தியாசம் சொல்வாள். மாற்றுத் துணி எடுத்துப்போங்கள். அந்தத் தோட்டத்தில் எதிர்பாராத இடத்திலிருந்தெல்லாம் தண்ணீர் பீய்ச்சும், நாற்காலியில் இருந்துகூட. அம்மாவை வழிகாட்டிக்குப் பக்கத்திலேயே நிற்கவையுங்கள், அவர் நிற்கும் இடம் நனைவதில்லை.

ஆக, முதல் நாள் மதியம் வந்து சேர்ந்து ஓய்வு, மாலை ஆட்டம். இரண்டாம் நாள் காலை கோட்டை. அதில் பொம்மைகளுக்கு ஒரு முழு மணி நேரம். மதியத்துக்கு மேல் வேறு எதுவும் வைக்காதீர்கள், அம்மாவுக்கு அது அதிகம். மூன்றாம் நாள் காலை ஹெல்ப்ரூன் முடித்து ரயில். ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கும்போது நடு வரிசையாகப் பாருங்கள். மிகவும் முன்னால் உட்கார்ந்தால் நூல் கண்ணை உறுத்தும், பின்னால் போனால் பாதம் தெரியாது. எந்த நாடகம் கிடைத்தது என்று எழுதுங்கள். மகளுக்குப் படுக்கும்போது சொல்லும்படியாகக் கதையை நான் எழுதி அனுப்புகிறேன்.